மூன்றாம் வாசல்

மூன்றை மூடினேன். ஐந்தைத் திறந்தேன்.
திரையில் ஐந்து நிமிர்ந்து நின்றது,
அதன் காலடியில், அழைக்காமலே வந்த விருந்தாளியாய்,
மூன்று.
நாற்பத்தொரு டெசிபல் கீழே.
ஒப்பந்தத்தில் இருப்பது எண்பது.
வெள்ளிக்கிழமை பலகை ஸ்வீடனுக்குப் போயாக வேண்டும்.

பிர்னோவில் பிப்ரவரி. ஐந்து மணிக்கே இருட்டு.
முனையில் டிராம் திரும்பும்போதெல்லாம்
மேசையில் இருக்கும் காபி
வட்டம் வட்டமாய் நடுங்குகிறது.

பலகை ஹெட்விகா வரைந்தது, ஓத்மார் பற்றவைத்தது.
"க்விடோ, அவர் பற்றவைப்பில்தான் ஏதோ கோளாறு" என்கிறாள்
என்னிடம்.
"கோடுகளை இவ்வளவு நெருக்கிப் போடச் சொன்னது யார்?" என்கிறார்
என்னிடம்.
அவளுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு மேசை.
அக்டோபரிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது.
அந்த இரண்டு மேசையில் ஒன்று என்னுடையது.

தாழ்ந்த அதிர்வெண்ணில் கதவென்றால் கதவு,
சாத்தினால் சாத்தியதுதான்.
ஆறு கிகாஹெர்ட்ஸில்
இந்தப் பக்கம் ஒரு தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு,
நடுவே வெறும் இடைவெளி என்று நாம் நம்பியது
ஒரு மின்தேக்கி.
தொடாமலே தாண்டிவிடும்.
பேச்சு வேகமாக ஆக
சுவர் மெலிகிறது.

விரலை எச்சில் தொட்டுப் பலகையில் வைத்துப் பார்த்தேன்.
எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத வைத்தியம்.
இங்கே ஒன்றுமில்லை.
இங்கேயும்.
நான்காம் கோடு வளையும் இடத்தில் வைத்தபோது
திரையில் மூன்று ஆறு டெசிபல் இறங்கியது.
அந்த ஆறும் என் உடம்புக்குள் எங்கோ போயிருக்கும்.

நான்காம் கோடு!
அதை யாரும் திறக்கவில்லை, யாரும் மூடவில்லை,
இரண்டு முனையும் எதிலும் சேராமல்
சும்மா கிடந்தது.
சும்மா கிடப்பதாக நினைத்தது நாங்கள்.
இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம்
கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது,
நல்லெண்ணத்தில்தான்.
என்னைப் போல.

செவ்வாய் இரவு, கத்தியால் பச்சைப் பூச்சைச் சுரண்டி
அந்தக் கோட்டின் நெடுகச் செப்பு நாடா ஒட்டி
மில்லிமீட்டருக்கு ஒரு துளையாய் இறக்கி
அடித்தட்டு எர்த்தோடு தைத்தேன்.
மேலதிகாரி செலவு மிச்சமென்று காலியாக விடச் சொன்ன
எட்டு இடங்களிலும் எட்டு சுவிட்ச் வைத்தேன்.
முதல் சுவிட்ச் கையை விடும்போது
இது பிடித்துக்கொள்ளும்,
தாண்டிக் குதித்து வந்ததை
எர்த்துக்கு அழைத்துப் போகும்.
வராதே என்றால் கேட்கிற சாதியா அது?
போக ஓர் இடம் காட்ட வேண்டும்.

அறுபத்தெட்டு.
எழுபத்து நான்கு.
மூடியைப் போட்டு எட்டுத் திருகாணியும் இறுக்கினேன்:
ஐம்பத்திரண்டு.
அலுமினியப் பெட்டி வெறுங்குடம்போல் உள்ளுக்குள் முழங்குகிறது.
திரும்பவும் எட்டுத் திருகாணி.
மூடியின் அடியில் கரி ஊறிய நுரைப்பஞ்சு.
திரும்பவும் எட்டு.
எண்பத்து மூன்று.

பூஜ்யம் இல்லை.
இரைச்சலோடு இரைச்சலாக
மூன்று இன்னும் எதையோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.
இருக்கட்டும். எண்பதுக்குத்தான் காசு.

புதன் காலை, கோட்டைக் கழற்றுமுன்பே ஹெட்விகா:
"க்விடோ, ஓத்மாரிடம் கொஞ்சம் சொல்லிவிடேன்…"
"நீயே சொல்."
அரை மணி கழித்து அவர். அவருக்கும் அதே.
நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பத்தரை வரை அறையில்
வெந்நீர்க் குழாயின் சத்தம் மட்டும்.
பிறகு என் தலைக்கு மேலாக,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
"அந்த நான்காம் கோடு…" என்று ஒரு குரல்.

யார் குரல் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.
டிராம் திரும்பியது.
காபி நடுங்கியது.