எச்சம்

இரண்டு நாடுகள், இரண்டு பொருட்கள் எனக் கொள்க.
போக்குவரத்துச் செலவு இல்லை எனக் கொள்க.
பிஷ்கெக், நான்காம் மாடி,
வெந்நீர்க் குழாய் செத்துப்போன வகுப்பறையில்
முப்பத்தொரு பேர் மேல்கோட்டைக் கழற்றாமல்
கொண்டோம்.

பாடநூலில் ஒரு நாடு மது வடித்தது,
இன்னொன்று துணி நெய்தது.
நடுவே சுங்கச்சாவடி இல்லை,
பனி இல்லை, டீசல் உறையவில்லை,
கைக்குள் மடித்து வைத்த நோட்டு இல்லை.
நகலெடுத்த பக்கங்களில் ஓரங்கள் வெட்டுப்பட்டு
சில சொற்களுக்குத் தலை இல்லை.

அசனாலியெவ் கரும்பலகையில் எழுதிய
ஈர்ப்புச் சமன்பாடு மட்டும் அழகு:
பெரிய நாடுகள் ஒன்றையொன்று இழுக்கும்,
தூரம் அந்த இழுப்பைத் தின்னும்.
கோள்களுக்கும் காலுறைகளுக்கும் ஒரே விதி.

காலுறை என்று ஏன் சொன்னேன் என்றால்
அம்மா விற்பது அதைத்தான்.
தொர்தோய் சந்தை, ஏழாம் வரிசை.
கடலே இல்லாத நாட்டில்
கப்பலுக்கென்று செய்த இரும்புப் பெட்டிகள்
ஒன்றன்மேல் ஒன்றாக:
கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு,
அதற்கும் மேலே புறாக்களின் எச்சம்.
எங்கள் கதவில் உப்புத் துரு இன்னும் இருக்கிறது.
சின்ன வயதில் நக்கிப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது
ஆறு ஒன்று ஒன்று ஐந்து.
காலுறைகளுக்குச் சுங்கம் வைத்த எண்.
சீனா அனுப்பினேன் என்றது ஒரு பத்தி,
நாங்கள் வாங்கினோம் என்றது மறு பத்தி.
கண்ணாடிப் புள்ளிவிவரம் என்று இதற்குப் பெயர்.
முகம் பார்க்கப் போனேன்,
ஒரு காது மட்டும் தெரிந்தது.

கணினி கோடு போட்டது.
புள்ளிகள் எல்லாம் கோட்டை ஒட்டி மேய,
ஒன்று மட்டும் எங்கோ மேலே,
மந்தையை விட்டுப் பாறையேறிய ஆடு.

“அதை நீக்கிவிடு, ஜிபார்.
அளவீட்டுப் பிழை.
எச்சங்களின் சராசரி பூஜ்யம்.”

கடுமையாகச் சொல்லவில்லை.
இருமலுக்கு நடுவே, தேநீர் ஆறுகிறதே என்ற கவலையோடு.
விழுந்த சுண்ணக்கட்டியை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்,
அவர் காலிலும் எங்கள் வரிசைச் சரக்குதான்.
குதிகாலில் பொத்தல்.

ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் பதினெட்டு.
அம்மா அட்டைமேல் நின்றபடி
ஓம்ஸ்க்கிலிருந்து வந்தவளுக்குக்
கறுப்பில் நாற்பது டஜன் எண்ணிக்கொண்டிருந்தாள்.
கணக்கு இடிக்கிறது என்றேன்.
“எவ்வளவு?”
சொன்னேன்.
“முப்பத்தாறு, முப்பத்தேழு, அவ்வளவுதானா?
அப்போதெல்லாம் லாரியைத்தான் எடை போட்டார்கள்.
எத்தனை ஜோடி என்று எவன் கேட்டான்,
முப்பத்தெட்டு.”

தொருகார்ட் கணவாயில்
வழி திறக்க மூன்று இரவு காத்திருந்ததை
அவள் சொல்வதில்லை.
அங்கே விட்டுவந்த சுண்டுவிரல் நுனிக்கு
எந்தப் பத்தியும் இல்லை.
மிச்சமிருக்கும் விரல்களால் கால்குலேட்டரைத்
தட்டுகிற வேகம் எனக்கு வராது.

புள்ளியை நான் நீக்கவில்லை.
கீழே ஒரு குறிப்பு எழுதினேன்.
ஆதாரம் எங்கே என்று சிவப்பு மை கேட்டது.
‘நேர்ப்பேச்சு, ஏழாம் வரிசை’ என்றேன்.
ஐந்துக்கு நான்கு.

திருத்தாத முதல் படி, நாற்பத்திரண்டு பக்கம்,
இப்போது அம்மாவின் காலடியில், அட்டைக்கு அடியில்.
காகிதம் குளிரைத் தாங்குகிறதாம்.
“இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் நீ.”

மதியம் அவள் சம்சா வாங்கப் போனாள்.
அவள் நின்ற இடத்தில்
அவள் எச்சமாக நின்றேன்.
உண்மைதான், குளிர் மெதுவாகத்தான் ஏறுகிறது.

ஒருவர் வந்து சாம்பல்நிற ஜோடியை இழுத்துப் பார்த்து
விலை கேட்டார்.
“மற்றவை மாறாதிருந்தால்...” என்று தொடங்கினேன்.
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.