மிச்சம்

இந்த இடத்துக்குப் பெயர் மிச்சம்.
லண்டனுக்குத் தெற்கே, ட்ராம் ஓடும்.
வந்த புதிதில் போன் எடுத்துச் சொல்லிச் சிரித்தோம்:
மிச்சத்தில் வீடு கிடைத்துவிட்டது.

படிக்கட்டுக்குக் கீழே
சப்பாத்துகளுக்கும் வக்யூமுக்கும் பின்னால்
மீற்றர்.
குந்தியிருந்து பொத்தானை அமத்தினால்
சிவப்பு எழுத்தில் மிச்சம் சொல்லும்.
ஒன்று எண்பத்திரண்டு.
நாளைக்குச் சைபர்.
பிறகு சாவியைச் செருகினால்
பத்துப் பவுண் கடன் தரும்,
முகம் சுளிக்காமல்.

இரவில் வெட்டமாட்டார்கள்.
சனி ஞாயிறு வெட்டமாட்டார்கள்.
மரியாதையான கொம்பனி.
திங்கள் காலை
எல்லோரும் கந்தோருக்குப் போய்
தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு
பத்து மணிக்குத்தான்
டக்.

இன்றைக்கு அந்த டக்
யன்னலில்லாத குளியலறையில்,
என் தலை முழுக்க நுரை.
வெந்நீர் ஐஸ் ஆகியது.
போன திங்கள் சோறு அரைவேக்காடு.
அதற்கு முந்தின திங்கள் பள்ளி லீவு,
ஆரபியின் மாதிரிச் சோதனை
பதினேழாம் கேள்வியில் கறுத்துப் போனது.
அவள் அழவில்லை. கதவை மட்டும் அடித்துச் சாத்தினாள்.

பிரிட்ஜ் இவ்வளவு நேரமும் கதைத்துக்கொண்டிருந்தது என்பது
அது வாயை மூடும்போதுதான் தெரியும்.

துவாயைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.
எதிர்வீட்டு டெனிஸ் டிவி பார்க்கிறாள்.
பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் குலுங்குகிறது.
பழுதான தெருவிளக்கொன்று
பட்டப்பகலில் எரிகிறது, கவுன்சில் கணக்கில்.

கரண்ட் போவதென்றால்
தெருவே ஓவென்று கத்தவேண்டும்.
அப்படித்தான் நாங்கள் கேட்டுப் பழகினோம்.
ட்ரான்ஸ்போமரை, மந்திரியை, ஆமியை,
யாரையாவது சேர்ந்து திட்டலாம்.
இங்கே எங்கள் வீட்டுக்கு மட்டும் போகிறது.
யாரைத் திட்ட?
தயாபரனைத் திட்டினேன்.
அவர் என்னைத் திட்டினார்.
ஒரு ஆளுக்குத் தேத்தண்ணி போட
நாலு பேரின் தண்ணியைக் கொதிக்கவைக்கிறேனாம்.

இதிலே பகிடி என்னவென்றால்
நான் நிற்கிற கடையில்தான்
ஊரிலுள்ள சாவிகளுக்கெல்லாம் காசு ஏற்றுவது.
பெயின்ட் காய்ந்த விரல்களோடு ஒரு போலந்துக்காரன், பத்து.
இரட்டைக் குழந்தை வண்டியோடு கெய்லி, ஐந்து,
முழுக்கச் சில்லறை.
எட்டுப் பென்ஸ் குறைந்தது, நான் போட்டேன்.
"உன் வீட்டிலும் இந்தப் பிசாசு இருக்கா?" என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

இன்றைக்கு எனக்கு லீவு.
நுரை காயாத தலையில் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்து
அதே கடைக்குப் போனேன்.
புதிதாகச் சேர்ந்த கௌசிகா
சாவியை வாங்கி மெஷினில் குத்தி
"எவ்வளவு?" என்றாள்,
திரையைப் பார்த்தபடி.
நான்தான் பழக்கினேன் அவளுக்கு,
ஆளின் முகத்தைப் பார்க்காதே என்று.

இருபது போட்டேன்.
பத்து, தந்த கடனுக்கு.
இரண்டு பத்து, சனி ஞாயிறு இரங்கியதற்கு.
மூன்று அறுபது,
எங்களுக்கு முன் இங்கே இருந்து
எங்கேயோ போய்விட்ட மிஸ்டர் ப்ரூவெட்
தன் குளிருக்கு மூட்டிய ஹீற்றருக்கு.
(நாலு தரம் போன் எடுத்துச் சொன்னேன்,
அவர் நாங்கள் அல்ல என்று.
நாலு தரமும் அதே வயலின்.)
ஒன்று எண்பது நாள்வாடகை, மூன்று நாளுக்கு.
லைட் போட்டாலும் போடாவிட்டாலும் உண்டு.
இருட்டுக்கும் வாடகை.

மிச்சம்: இரண்டு ஐம்பது.

பிரிட்ஜ் விட்ட இடத்திலிருந்து கதைக்கத் தொடங்கியது.
தயாபரன் மேலேயிருந்து,
"வந்திட்டுதோ?" என்று கேட்டார்,
யாரோ விருந்தாளி போல.
நான் பதில் சொல்லவில்லை.
கெற்றிலை எடுத்துப் பைப்பின் கீழே பிடித்தேன்.
ஒரு கோப்பைக் கோடு தாண்டியது.
இரண்டு. மூன்று.
கழுத்துவரை நிரப்பினேன்,
வீம்புக்கு.