ஏழரை அங்குலம்

கராஜின்ர அகலம் ஏழு அடி நாலு அங்குலம்.
மாமா மொறிஸ் மைனருக்குக் கட்டினது.
டபிள் கப் ஆறு அடி ஒரு அங்குலம்,
கண்ணாடி ரெண்டையும் மடிச்சால்.
"தாராளம்" எண்டார் குலேந்திரன்,
பிள்ளையின்ர கணக்குக் கொப்பியில கழிச்சுப் பார்த்து.
பதினைஞ்சு அங்குலம் மிச்சம்.
பக்கத்துக்கு ஏழரை.

ஏழரை எண்டதும்
மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்த
செல்வமலரக்கா
நாக்கைக் கடிச்சா.

லீசிங் ஏழு வருசம்.
அரை வருசம் இழுபட்டால்
கணக்குச் சரி.

பட்டாவை வித்துத்தான் முற்பணம் கட்டினது.
பட்டா வேம்புக்குக் கீழ நிண்டது.
காகம் எச்சம் போட்டாலும்
ஒருத்தரும் ஏனெண்டு கேளார்.
இதில வெயில் படக்கூடாதாம்.
கோழித் தீவனம் ஐம்பது மூட்டை ஏத்தி
சுன்னாகத்தில இருந்து நெல்லியடிக்கு
நான் என்ன நிலவிலயா ஓடுறது?
கேட்க நினைச்சன். கேட்கேல்ல.

ஒழுங்கை வளையிற முடக்கில
மூண்டு தரம் முன்னுக்கு, மூண்டு தரம் பின்னுக்கு.
ரியூசனுக்குப் போன பெடியள்
சைக்கிளை நிப்பாட்டி
பிளேன் இறக்கிற மாதிரிக் கை காட்டினாங்கள்.
முந்திக் கப்பலில நிண்ட அருளப்பண்ணை
எனக்கு முகம் பார்த்து நிண்டு
"இடம், இடம், இன்னும் இடம்" எண்டார்.
அவற்ற இடம் எனக்கு வலம்.
முன்னுக்குச் சென்சர் கீச்சிடுது,
பின்னுக்குக் குலேந்திரன்
"வா… வா… வரலாம்… வா…"
அவர் வாகனத்தைக் கூப்பிடுறாரோ
என்னைக் கூப்பிடுறாரோ தெரியேல்ல.
அப்படி அவர் என்னைக் கூப்பிட்டுக்
கனகாலம்.

நுழைஞ்சிட்டுது.
மூக்குக்கு மூண்டு அங்குலம்,
வாலுக்கு மூண்டு அங்குலம்.
"பார், கதவும் பூட்டுப்படுது" எண்டு
இழுத்துச் சாத்தியும் காட்டினார்.
வெளியில கைதட்டு.

நான் என்ர கதவைத் திறந்தன்.
டொக்.
சுவர்.
கை போச்சுது.
முழங்கால் போச்சுது.
மிச்சம் போகேல்ல.
மற்றப் பக்கத்தாலயும் பார்த்தன்.
டொக்.

நீளம் அளந்தம், அகலம் அளந்தம்,
உயரத்துக்கு ஏணி வைச்சு அளந்தம்.
இறங்கப் போறவளை
ஒருத்தரும் அளக்கேல்ல.

எஞ்சினை நிப்பாட்டினன்.
சூடான இரும்பு டிக், டிக் எண்டு ஆறுது.
போன் வெளிச்சத்தில
கண்ணாடிக்கு அங்கால சுவரில
பென்சிலில மாமாவின்ர எழுத்து:
மண்ணெண்ணெய் மூண்டு போத்தல்.
பெற்றோல் ஒரு மூடி. பிடிச்சுது.
கீழ இன்னொரு நாள்:
மண்ணெண்ணெய் ரெண்டு போத்தல்.
பெற்றோல் இல்லை. தள்ளினது.
இறங்கிறதைப் பற்றி
மாமாவும் ஒண்டும் எழுதேல்ல.

நெல்லியடிக் கடைக்காரன் எடுத்தான்.
அடிச்சு ஓயட்டும் எண்டு விட்டன்.
லீசிங் பெடியனும் எடுத்தான்,
வாழ்த்துச் சொல்லவாக்கும்.
சீற்றைப் பின்னுக்குச் சாய்ச்சன்.
புது லெதர் மணம்.
காலமை ஐஞ்சு மணியில இருந்து
முதுகு ஒண்டில சாய்ஞ்சது
இப்பதான்.

"என்னப்பா செய்யிறீர்? இறங்கும்!
சனம் எல்லாம் நிக்குது,
ஒரு தேத்தண்ணி போடும்."

இறங்கேலாது எண்டன்.
அது உண்மை.
கதவைத் திறந்து விட்டால்
பின்னுக்கு எடுத்திடலாம்.
அதுவும் உண்மை.
முதலாவதை மட்டும் சொன்னன்.

கொஞ்ச நேரம் வெளியில ஒரு சத்தமும் இல்லை.
பிறகு சுவருக்கு அங்கால குசினியில
லைட் போடுற சத்தம்,
கேத்தில் மூடி விழுந்து உருளுற சத்தம்,
தட்டெல்லாம் தடவுற சத்தம்.

"சீனி எங்கயப்பா?"

"ரெண்டாம் தட்டு, இடப்பக்கம்."

"ஆற்ற இடம்?"