உருளைக்கிழங்கு தோண்டப் போகிறோம்

பதினொரு மாதம் பொய் சொன்னோம்.
பொய்க்கும் உழைப்பு வேண்டும்:
ஓட்ஸ் டப்பாவின் அடியில் ஸ்லோத்தி நோட்டுகள்,
பேக்கரியில் அவள் வாங்கிப் பார்த்த கூடுதல் ஞாயிறுகள்,
நான் விட்டுவிட்ட சிகரெட்.
உடம்புக்காக விட்டேன் என்று
என் மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்.

பியாவிஸ்தோக் நகரம், நான்காம் மாடி,
பிஸ்கட் போல மெல்லிய சுவர்கள்.
பிள்ளைகள் தூங்கியாயிற்றா என்று
அல்தோனா கதவில் காது வைப்பாள்.
பிறகு குளியலறை. குழாயைத் திறந்துவிட்டுத்
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
குசுகுசுவென்று கணக்குப் போடுவோம்:
நுழைவுச் சீட்டு நான்கு, விடுதி ஓர் இரவு,
பெட்ரோல், திமோனின் உயரம்.
நூற்றுப் பத்து சென்டிமீட்டர் இருந்தால்தான்
டிராகன் ரயிலில் ஏற்றுவார்களாம்.
அவன் நூற்றெட்டு.
அந்த வசந்தகாலம் முழுக்க
என் மகனுக்குக் கீரை ஊட்டினோம்
காரணம் சொல்லாமல்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் பேச்சு
ஹீட்டர் கட்டணம்,
குப்பை கொண்டுபோவது இன்று யார் முறை.
இப்போது என் காலரைப் பிடித்து இழுத்துக்
காதில் சொல்கிறாள், பற்பசை வாசத்தோடு:
"தண்ணீர்ச் சறுக்குகூட உண்டாம்."
கல்யாணத்துக்கு முன்
அவள் வீட்டு மாடிப்படியில் கேட்ட குரல்.
இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று
நான் கேட்கவில்லை.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட். விடிகாலை நான்கு.
"கியெல்ட்ஸே அத்தை தோட்டத்தில்
உருளைக்கிழங்கு தோண்டப் போகிறோம்."
கியெல்ட்ஸேயில் எங்களுக்கு அத்தையே கிடையாது.
ஒன்பது வயது யாகோடா உதட்டைப் பிதுக்கி
ஹெட்போன் மாட்டிக்கொண்டு
காரின் மூலையில் பொட்டலமாகச் சுருண்டாள்.
ஐந்து வயது திமோனோ
ரப்பர் பூட்ஸ் போட்டு,
பச்சை வாளியை மடியில் வைத்து
வார்சா வரை கேட்டுக்கொண்டே வந்தான்:
மண்ணுக்குள் கிழங்கு எப்படி மூச்சு விடும்?
புழு கடிக்குமா?
பெரியது கிடைத்தால் எனக்கா, அத்தைக்கா?

கியெல்ட்ஸே வந்தது. கியெல்ட்ஸே போனது.
அல்தோனா சிரிப்பை வாய்க்குள் மென்றபடி
என் முழங்காலைக் கிள்ளினாள்.

பிறகு, மரங்களுக்கு மேலே,
வானத்தில் யாரோ முடிச்சுப் போட்டதுபோல்
இரும்புத் தண்டவாளம்.
யாகோடா ஹெட்போனைக் கழற்றினாள்.
"அப்பா," என்றாள். அப்புறம் அலறினாள்.
பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டியதில்
கார் ஒரு கணம் கோட்டைத் தாண்டியது.
அந்த அலறலுக்குத்தான் பதினொரு மாதம்.

திமோன் சன்னலில் தேடினான்.
"தோட்டம் எங்கே?"
சொன்னோம். பாட்டாகச் சொன்னோம், கைதட்டிச் சொன்னோம்.
பால் திரிவதுபோல்
ஓரத்திலிருந்து உடைந்தது அவன் முகம்.
"கிழங்குன்னு சொன்னீங்களே."

நாள் முழுக்க வாளியோடு வந்தான்.
வரிசையில் வாளி. சாசேஜ் கடையில் வாளி.
டிராகன் ரயில் வாசலில்
அளவுகோலின் கீழே நிறுத்தினார்கள்:
நூற்றுப் பத்தரை, பூட்ஸோடு.
வாசல்காரர் பூட்ஸைப் பார்த்தார்,
வாளியைப் பார்த்தார்,
உள்ளே விட்டார்.
உச்சிக்குப் போகும்போதுகூட
அவன் என் கையைப் பிடிக்கவில்லை.
கீழே வந்ததும் கேட்டான்:
"இப்போ அத்தை வீட்டுக்குப் போலாமா?"

மறுநாள் திரும்பும் வழியில்
சாலையோரக் கடையில் ஐந்து கிலோ வாங்கினேன்,
மண் ஒட்டியதாகப் பார்த்துப் பொறுக்கி.
கடைக்காரி கழுவியது கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன்.
டிக்கியில், போர்வைக்கு அடியில்.

இரவு பதினொன்றரை.
குடியிருப்பின் பின்னால்
துணிக்கொடிக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு மண்.
போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் பாதி மூடி
அல்தோனா பிடித்துக்கொள்ள,
சூப் கரண்டியால் நான் குழி பறிக்கிறேன்.
"இன்னும் ஆழமா," என்கிறாள் என் காதில்.
"புதைச்சு வெச்ச மாதிரி தெரியக்கூடாது."

இரண்டாம் மாடியில் விளக்கு எரிகிறது.
மண்டியிட்டபடியே
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.