இரண்டாவது மாங்காய்

தொப்புள் பக்கத்துத் தோல்தான் வேண்டும் என்றேன்.
துவாலா இறைச்சிக்கூடத்தில் பூபா
கத்தியைத் தொடையில் துடைத்தபடி கேட்டான்:
"கட்டி கட்டியாய் இருக்கிறதே, அக்கா.
மற்றவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போவதை
நீங்கள் மட்டும் ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?"
கட்டிக்குள்தான் சரக்கு என்றேன்.

புயேயா வரை மடியில் ஐஸ் பெட்டி.
பக்கத்து இருக்கைக்காரி மூடியைத் தட்டி
மீனா என்றாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கட்டியைக் கீறித் தட்டில் போட்டால்
பெண்புழு உள்ளேயே சிக்கலாய்க் கிடக்கும்,
பிரிக்க முடியாத நூல்கண்டு.
ஆண்புழுக்கள் தாமாக ஊர்ந்து வெளியே வரும்,
வாசலில் யார் என்று பார்க்க வந்தவை போல.
அவற்றைத்தான் பிடித்துக் குழியில் விடுகிறேன்.
இருபத்துநான்கு குழிகள்.
கீழே குரங்குச் சிறுநீரகச் செல்கள், மெத்தைக்கு.
முதல் மருந்து தனியே,
இரண்டாவது தனியே,
பிறகு இரண்டும் சேர்ந்து
ஆளுக்குப் பாதி, ஆளுக்குக் கால்.
கடைசி வரிசையில் மருந்தே கிடையாது.
அங்கே புழு துள்ள வேண்டும்.
அது செத்தால் குற்றம் என் கையில்.

நாள்தோறும் மதிப்பெண்:
நூறு, எழுபத்தைந்து, ஐம்பது, இருபத்தைந்து.
சுழி வாங்கினால் தேர்ச்சி.

ஐந்தாம் நாள் மலையில் மழை.
மின்சாரம் போய் ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
மஞ்சள் சாயம் விட்டுக் காத்திருந்தேன்.
உயிருள்ள சதை அதைக் கத்தரிப்பூ நிறமாக்கும்.
கடைசி வரிசை பூத்தது.
தனி மருந்துக் குழிகள் அரைகுறையாய்ப் பூத்தன.
பதினேழாம் கலவையின் குழிகள், கால் அளவில்கூட,
வெளிறிக் கிடந்தன.
டாக்டர் என்காஃபு என் தோளில் தட்டினார்.
மூன்று வருடத்தில் முதல் தட்டு.

இன்னொரு தட்டு இருந்தது.

அதில் மெசும்பேயின் புழுக்கள்.
கும்பாவுக்கு அப்பால் கோகோ போடுகிறவர்.
உச்சி வெயிலில் போய் ரத்தம் எடுத்தேன்,
அவை பகலில்தான் நாளங்களில் உலாவும்.
ஒரு மில்லியில் முப்பத்தோராயிரம்.
"கண்ணில்கூட ஒருநாள் ஒன்று குறுக்கே போனது.
வழிப்போக்கன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.
அவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து
ஆற்று ஈ கொண்டுபோன கண்களால்
என் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த வீட்டு உடம்புகளில்
இரண்டு புழுவும் குடியிருக்கின்றன.
ஆற்றுப்புழு சாக வேண்டும்.
காட்டுப்புழு இப்போதைக்குச் சாகக் கூடாது.
முப்பத்தோராயிரமும் ஒரே இரவில் செத்தால்
மூளையின் சன்ன நாளங்களில் அடைத்துக்கொள்ளும்.
ஆள் தூங்குவார், எழமாட்டார்.

இரண்டாம் தட்டு முதல் நாளே அசைவற்றுப் போயிருந்தது.
பிசகாக இருக்கட்டும் என்று திரும்பச் செய்தேன்.
திரும்பவும் அசைவில்லை.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள்.
இரண்டாவது மாங்காய் விழுகிற இடத்தில்
மெசும்பே பாய்விரித்துப் படுத்திருக்கிறார்.

பதிவேட்டில் எழுதினேன்:
பதினேழு. இரண்டையும் கொல்கிறது. தள்ளுபடி.
தட்டுகளை பிளீச்சில் அமிழ்த்தினேன்.

மாலையில் அவரே போன் செய்தார்.
"என் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?"
செத்துவிட்டன என்றேன்.
"நல்லதுதானே!" என்று சிரித்தார்.
பின்னால் யாரோ கோகோக் காய்களை
உடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொன்றாக.

பூபாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
வியாழக்கிழமை வருகிறேன்.
கட்டியுள்ள தோல், நான்கு.