கம்பெனி மார்க்

முதல் நாள் சொன்னது: சாயங்காலம் வாங்க.
மறுநாள்: சேலத்திலிருந்து பார்ட்ஸ் வரணும்.
மூன்றாம் நாள் போனை எடுத்துவிட்டு
வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.
என் காதில்
ஸ்பேனர் விழுகிற சத்தம் மட்டும்
நாற்பது விநாடி.

நான்காம் நாள் நேரிலேயே போய்விட்டேன்.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலம் தாண்டி
திம்மராஜ் ஆட்டோ வொர்க்ஸ்.
என் குட்டியானை
விட்ட இடத்தில் விட்ட கோணத்தில்
முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியபடி நின்றது.
பின்னால் நான் கூட்டாமல் விட்ட இரண்டு தக்காளி
அழுகி, வழிந்து, காய்ந்து
ஈயும் கைவிட்டுப் போயிருந்தது.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"
நான் வந்திருக்கிறேனே என்றேன்.
"இல்லம்மா, வண்டி ஓட்டுறவரு..."
வந்திருக்கிறேனே என்றேன்.

உட்காரச் சொன்ன நாற்காலிக்கு மூன்று கால்,
நான்காவதுக்கு ஒரு பழைய பிஸ்டன்.
கே.ஏ. நம்பர் கார் ஒன்று திரும்பியது.
ஹாரனைத் தொடுவதற்குள் இரண்டு பேர் ஓடினார்கள்.
அவர்களுக்குத் தண்ணி பாட்டில், மின்விசிறி,
"சார்" பதினோரு தடவை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
வேறென்ன வேலை எனக்கு.

இந்த நான்கு நாளும் வாடகை வண்டியில் போன தக்காளி
வாடகையைக்கூடத் தூக்கவில்லை.
இதை அவரிடம் சொன்னேன்.
"சீசன் அப்படிம்மா" என்றார்
செல்போனைப் பார்த்தபடி.

இருட்டுகிற நேரம் பில் வந்தது.
திரு. ரேணுகா என்று எழுதியிருந்தது.
செல்ஃப் மோட்டார் புதுசு, ஒன்று. லேபர். இதர செலவு.
எட்டாயிரத்து நானூறு.

போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்தேன்.
பளபளவென்று வெள்ளிப் பெயின்ட்,
கை வைத்தால் ஒட்டுகிற ஈரம்.
அதன் நடுவே
மிளகு அளவில் ஒரு சிவப்பு.

போன ஆடியில் காவேரிப்பட்டணத்தில்
பேட்டரி மாற்றிப் பட்ட புத்தி அது.
ஒன்பதாவது படிக்கிற தேன்மொழியின் நகப்பூச்சைக் கேட்டு வாங்கி
கழற்ற முடிந்த எல்லாவற்றிலும்
ஒவ்வொரு பொட்டு வைத்திருந்தேன்.

"புது மோட்டாருக்கு என் பெண்ணோட நெயில் பாலிஷ்
எப்படிங்க வந்தது?"

கொஞ்சமும் தயங்கவில்லை அவர்.
"அது கம்பெனி மார்க்கும்மா.
எல்லாத்துலயும் வரும்."

கார்க்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.
வண்டிக்கு அடியில் கிடந்த பையன் மட்டும்
திரும்பவில்லை.
நான்கு நாளில் அவனை யாரும்
பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை,
டேய்தான்.
பெயின்ட் அடித்தவன் அவன்தான்,
விரல் இடுக்கெல்லாம் வெள்ளி.
அடித்தவன்
சிவப்பைச் சுற்றி
கோலப்புள்ளியைச் சுற்றி வளைகிற கம்பிபோல்
ஒதுக்கி அடித்திருக்கிறான்.

கவனக்குறைவா?
கேட்டால் அவன் வேலை போகும்.
கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் பேசிப் பேசி
இரண்டாயிரத்தில் வந்து நின்றது.
கார்பனைத் தேய்த்துப் பூட்டியதற்கு
அதுவும் அநியாயம்தான்.
விடியற்காலை மூன்றுக்கு லோடு.
கிரீஸ் படாத மூலை தேடி
மேசையில் வைத்தேன்.

சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான் பையன்.
"பள்ளமா பாத்து நிறுத்துங்கக்கா,
ரெண்டு மாசம் தாங்காது"
உதடு அசையாமல் சொன்னான்.

யானைக்கு நகம் பதினெட்டு என்பார்கள்.
நேற்று ராத்திரி புது பாட்டில் உடைத்து
நானும் தேன்மொழியும் உட்கார்ந்து எண்ணினோம்.
என் குட்டியானைக்கு இருபத்தாறு,
எல்லாம் சிவப்பு,
எல்லாம் கம்பெனி மார்க்.