ஒரே மைக்

நாளைக் காலை ஏழரைக்கு முழங்காலுக்குப் படம்.
ஆரணியிலிருந்து விடியற்காலை பஸ்ஸை நம்ப முடியாதென்று
பாபுராவ் தெருவில் ஒரு லாட்ஜ்.
சமைத்துக்கொள்ளலாம், மீன் மட்டும் கூடாது.

மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.
ஒரு வங்காளிப் பையன், அவன் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே
கிடார் வாசித்துக்கொண்டிருந்தான்.
வயர் இல்லை, பெட்டி இல்லை.
வெறும் மரம், வெறும் கம்பி.
மூன்றாவது கம்பி இறங்கியிருந்தது.
வேலூர் வெயிலில் இறங்கத்தான் செய்யும்.
மாசிலாமணி பாட்டுக்குப் பாட்டு திருகிக்கொண்டேயிருப்பார்.

எழுபத்தெட்டு. பாலாறு மெல்லிசைக் குழு.
நோட்டீஸில் நான் குமாரி அம்சவேணி.
மைக் மொத்தம் நாலு.
அறிவிப்பாளருக்கு ஒன்று, ஆண் குரலுக்கு ஒன்று,
தபேலாவுக்கு ஒன்று.
மீதி ஒன்றில் நானும் கிடாரும்.

நான் பாடும்போது அவர் முதுகை வளைத்து விலகுவார்.
இடையிசையில் நான் விலக,
கிடாரைத் தூக்கி அதன் வட்ட வாயை
மைக்கின் வாயோடு வைப்பார்.
சரணத்துக்கு மறுபடி நான்.
ஒற்றை ஆள் நுழையும் சந்தில்
இரண்டு பேர் போய் வருவதுபோல.
முதல் மாதம் இடித்துக்கொண்டோம்.
வாணியம்பாடிக் கல்யாணத்தில் என் ஜிமிக்கி கம்பியில் மாட்டி
ஒரு சுரம் கூடுதலாக வந்தது.
பிரியாணி நேரம், யாரும் கவனிக்கவில்லை.

பகலில் அவர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இருட்டறை.
விரலில் எப்போதும் அந்த மருந்துத் தண்ணீர் வாடை.
கழித்துப் போட்ட படங்களை வெட்டித்தான்
மீட்டும் வில்லை செய்வார்.
யாரோ ஒருவரின் விலா, யாரோ ஒருவரின் தாடை.
விளக்கில் பிடித்தால் சாம்பலாய் ஏதோ தெரியும்.
"இது செய்யாறு ஆளு, நெஞ்சுச்சளி. நல்லாயிட்டான்" என்பார்.
நல்லானவர்கள் படத்தை மட்டும்தான் வெட்டுவாராம்.
நம்பினேன்.

குடியாத்தம் சிரசுத் திருவிழா, ராத்திரி ஒன்றரை.
பாட்டு நடுவில் கரண்ட் போனது.
ஆர்கன் பாதி மூச்சில் செத்தது.
நான் வாயை மூடிவிட்டேன்.
கிடார் நிற்கவில்லை,
கரண்ட் போனது அதற்குத் தெரியாது.
இருட்டில் அவர் குரல்:
"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? பாடு."

பாடினேன்.
முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டிருக்கும்.
பின்னால் விசில், செருப்பு தேடும் சத்தம், பட்டாணி வண்டி மணி.
எங்கள் நடுவில் செத்த மைக்.
இருந்தும் அதன் முன்னால்
விலகி, வந்து, விலகி, வந்து.
அப்போதுதான் கேட்டேன்,
விரல் நகரும்போது கம்பி கீச்சிடுவதை,
சட்டைப் பொத்தான் மரத்தில் தட்டுவதை,
என்றோ உள்ளே விழுந்த ஒரு வில்லை
அங்குமிங்கும் சறுக்குவதை.
மைக்கில் ஒருநாளும் வராதவை.

எண்பத்திரண்டில் வயர் வைத்த கிடார் வந்தது.
சிவப்பு. முகம் பார்க்கலாம்.
அதற்குத் தனிப் பெட்டி, மேடையின் அந்தக் கோடியில்.
ஊருக்கே கேட்டது. நல்ல சத்தம்தான், குறை சொல்ல மாட்டேன்.
எனக்கும் தனி மைக் கிடைத்தது.
இடையிசை வந்ததும் உடம்பு பழக்கத்தில் விலகும்.
அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

அந்தத் தையில் எனக்குக் கல்யாணம்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாசிலாமணி இப்போது எங்கே, தெரியாது.
நாளை எக்ஸ்ரே வாசலில் விசாரித்தால் தெரியலாம்.
அங்கே இருட்டறை இல்லையாம்,
படத்தைக் கையில் தருவதுமில்லையாம்,
டாக்டரே திரையில் பார்த்துக்கொள்கிறார்.
வெட்ட ஒன்றும் மிஞ்சாது.

பையனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது.
மூன்றாவது கம்பியைத் தொட்டுக்காட்டி
கட்டைவிரலை உயர்த்தினேன்.
பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான்.
பிறகு புரிந்து திருகினான்.
இன்னும். இன்னும் கொஞ்சம்.
போதும் என்று கை காட்டி வாளியை எடுத்தேன்.

ஒரு ரவிக்கை இன்னும் காயவில்லை.
காய்ந்துதான் இருந்தது.
மறுபடி வரலாமென்று கொடியிலேயே விட்டு வந்தேன்.